ஏழாவது கை

"நான் வெறும் கை, தாயி. ஏழு கையில கடைசிக் கை. என் மேல என்ன பழி இருக்கு?"

வந்தவர் இன்னும் உட்காரக்கூட இல்லை. அதற்குள் கேட்டுவிட்டார்.

உலகநாச்சி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில், ஒரு பாறைக்கும் நான்கு புளியமரங்களுக்கும் நடுவே அவருடைய குடிசை. துறவிதான். ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ரகம் இல்லை. வயது முப்பத்தைந்து. கேட்க வந்தவருக்கு ஐம்பத்தாறு. மகள் வயதுப் பெண்ணிடம் போய் எப்படிக் கேட்பது என்று முதல் தடவை வருகிறவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். இவர் தயங்கவில்லை. அவர் அவசரம் அவருக்கு.

"யாரு பழி சொன்னது?" என்றார் உலகநாச்சி.

"யாரும் சொல்லலை."

"பின்னே எதுக்கு ரெண்டு காதம் நடந்து வந்தீங்க?"

வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உலகநாச்சி ஒரு கைப்பிடி புளியை அவர் பக்கம் தள்ளினார். "உக்காந்து கொட்டையை எடுத்துக்கிட்டே சொல்லுங்க, ஐயா. சும்மா இருந்து பேசினா கதை நீண்டுக்கிட்டே போகும்."

வந்தவர் பெயர் சிற்றம்பலம். கோட்டையில் முத்திரைக்காரர். அரசர் வாய் திறந்து ஒன்றைச் சொன்னால், அது ஓலையாகி வெளியே போவதற்குள் ஏழு கை மாற வேண்டும் என்பது அந்தக் கோட்டையின் வழக்கம். ஒருவர் கேட்டு வருவார். ஒருவர் எழுதுவார். ஒருவர் சரிபார்ப்பார். இப்படிப் போய்க் கடைசியில் சிற்றம்பலத்திடம் வரும். சுருட்டிய ஓலையின் நூல்முடிச்சில் அவர் அரக்கை உருக்கி ஊற்றி, விரலில் கிடக்கும் மோதிரத்தை அழுத்துவார். அழுத்தினால் அது ஆணை. அழுத்தாதவரை அது வெறும் பனையோலை.

முப்பத்தோரு வருடமாக அழுத்திக்கொண்டிருக்கிறார். ஒரு நாளும் முத்திரை பிசகியதில்லை. இப்போது புளியங்கொட்டைகூட விரலில் நிற்கவில்லை.

"ராசா புதுசா நீராழி மண்டபம் கட்டுறாரு, தாயி. சித்திரை வெயில்லயும் அங்க தண்ணி நிக்கணுமாம். அதுக்காகப் பெரிய ஏரியோட கலிங்கை ரெண்டு முழம் உசத்தச் சொல்லி ஓலை வந்திருக்கு."

"கலிங்கு உசந்தா என்ன ஆகும்?"

"ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி அது வழியாத்தானே வழிஞ்சு போகணும்? உசத்திட்டா போகாது. தேங்கும். தேங்கித் தேங்கிப் பின்பக்கமா ஏறும். பின்பக்கம் ஓடைக்குடி இருக்கு."

"ஓலையில ஓடைக்குடின்னு எழுதியிருக்கா?"

"இல்லை. கல்லுன்னு இருக்கு. ரெண்டு முழம்னு இருக்கு. அவ்வளவுதான்."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"வயசுக் காலத்துல அந்த ஏரியில அளவுகோல் பிடிச்சவன் நான். எந்த வீட்டு வாசல் எந்த மட்டத்துல இருக்குன்னு தெரியும்." அவர் ஒரு கொட்டையைப் பிதுக்கிப் போட்டார். "ஐப்பசி பொறக்கப் பத்து நாள் இருக்கு. கொத்தனாருங்க கல்லோட உக்காந்திருக்காங்க. என் முத்திரைக்காகத்தான் காத்திருக்காங்க. அரக்கு உதிருது, புது அரக்கு வரணும்னு பிரதானிகிட்டப் பொய் சொல்லி ஆறு நாள் வாங்கியிருக்கேன்."

"வைக்கலைன்னா?"

"வேலை போகும். தலை போனாலும் போகும். அப்புறம் இன்னொருத்தன் வந்து வெச்சிட்டுப் போவான். ஓலை எப்படியும் வெளியே போகத்தான் போகுது." இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த நியாயம் அது. "எய்தவன் இருக்க அம்பை நோகலாமா, தாயி?"

"அம்பு வெயில்ல நடந்து வந்து இப்படி நியாயம் கேக்காது, ஐயா."

சிற்றம்பலம் புளியைக் கீழே போட்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

"அப்போ நீங்களே சொல்லிடுங்க. வைன்னா வைக்கிறேன். வைக்காதேன்னா வைக்கலை. உங்க வாக்கு எனக்கு வேதம்."

உலகநாச்சி புளிப் பிசுக்கோடு கையை நீட்டினார். "மோதிரத்தைக் கழட்டிக் குடுங்க."

சிற்றம்பலம் சட்டென்று விரலை மூடிக்கொண்டார். "ஐயையோ! அது ஆகாது. ராசா என்னை நம்பிக் குடுத்தது. இன்னொருத்தர் கைக்குப் போகக் கூடாது."

"இப்பத்தான் வெறும் கைன்னீங்க."

சிற்றம்பலத்தின் முகம் சிவந்தது. உலகநாச்சி சிரித்துவிட்டார். குத்தலான சிரிப்பு இல்லை, வீட்டு மனிதரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"சரி, உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். கோட்டைக்குப் போங்க. இந்த ஓலையில கை வெச்சவங்க ஒவ்வொருத்தரையும் பாருங்க. 'இது யாரு முடிவு?'ன்னு மட்டும் கேளுங்க. சண்டை போட வேண்டாம். புத்தி சொல்ல வேண்டாம். யாரு 'இது என் முடிவு'ன்னு வாயால சொல்றாரோ, அவரு கண்ணு முன்னாலயே அரக்கை ஊத்தி முத்திரையை வெச்சிடுங்க. பழி அவருக்கு. தூக்கம் உங்களுக்கு."

சிற்றம்பலத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாராவது ஒருவர் சொல்லத்தானே போகிறார்? ஓலை என்ன தானாகவா முளைத்தது?

விழுந்து கும்பிட்டுவிட்டு வந்த வழியே நடந்தார்.

*

முதலில் ஓலை எழுதும் வைத்தியலிங்கம்.

"முடிவா? நானா? ஓய், நான் எழுத்தாணி பிடிக்கிறவன். சொன்னதை எழுதினேன். அதுல ஒரு புள்ளி தப்பா இருந்தாச் சொல்லும், விரலை வெட்டிக்கிறேன்."

தப்பு இல்லை. முத்து முத்தான எழுத்து.

அடுத்து ஏரி அதிகாரி மருதப்பர். அவர் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார். ஏப்பம் விட்டபடி கேட்டுக்கொண்டார்.

"கல்லு தாங்குமா, கரை தாங்குமா, இதைப் பாக்கிறதுதான் என் வேலை. தாங்கும்னு எழுதிக் குடுத்துட்டேன். முடிவு எடுக்கிறது மேல இருக்கிறவங்க."

புத்தி சொல்லக் கூடாது என்பது நினைவிருந்தும் சிற்றம்பலத்தின் நாக்கு சும்மா இருக்கவில்லை. "ஓடைக்குடி என்னாகும்?"

"அது ஏரிக்கு வெளியிலதானே இருக்கு! ஏரிக்கு உள்ள இருக்கிறதுதான் என் பொறுப்பு."

"தண்ணி ஏறினா ஓடைக்குடி ஏரிக்கு உள்ள வந்துடுமே?"

மருதப்பர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"வந்தா அப்பப் பாத்துக்கலாம்," என்றார்.

மற்றவர்களும் இதே ராகம்தான், தாளம் மட்டும் வேறு. முன்னால் இருந்தவர், தனக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டார். பின்னால் இருந்தவர், தனக்கு முன்னால் நான்கு பேர் பார்த்தாயிற்று என்று விட்டுவிட்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் சிற்றம்பலத்தை உட்காரவைத்துப் பானகம் கொடுத்தார்.

பிரதானி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கோட்டையில் அரசருக்கு அடுத்த வார்த்தை அவருடையது.

"ராசா வாயில இருந்து வந்தது. அதுல நான் என்ன முடிவு எடுக்க இருக்கு? இதென்ன ஓய் புதுக் கேள்வி? அரக்கு வந்துச்சா?"

"நாலு நாள்ல வந்துடும்."

"மழைக்கு முன்னாடி வரணும்."

ஆக, மிச்சம் அரசர் ஒருவர்தான். சிற்றம்பலத்துக்கு இப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. அரசர் சொல்லிவிடுவார். சொல்லாமல் எப்படி? நாடே அவருடைய முடிவில்தானே நடக்கிறது?

*

அரசர் அரைகுறையாகக் கட்டி நிறுத்தியிருந்த மண்டபத்தில் நின்று தூண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"மகாராஜா, அடியேனுக்கு ஒரு சந்தேகம். கலிங்கு ஓலை மகாராஜாவோட முடிவுதானே?"

"முடிவா?" அரசர் திரும்பினார். "சித்திரையிலயும் இங்க தண்ணி நின்னா நல்லா இருக்கும்னு சொன்னேன். ஆசையைச் சொன்னேன். எந்தக் கலிங்கு, எத்தனை முழம், இதெல்லாம் எனக்கென்ன தெரியும்? அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

சிற்றம்பலம் விடைபெறாமல் அங்கேயே நின்றார்.

அரசர் அவரை உற்றுப் பார்த்தார். "ஏன் ஓய், அதுல ஏதாவது கோளாறா? இருந்திருந்தா ஏழு பேருல ஒருத்தராவது சொல்லியிருப்பீங்களே. அதுக்குத்தானே எங்க பாட்டனார் ஏழு பேரை வெச்சாரு. எல்லாரும் பாத்தாச்சு. நீரும் பாத்தீரு. சரியாத்தானே இருக்கு?"

இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. அரசரே கேட்கிறார். ஒரு வார்த்தை போதும்.

"உத்தரவு, மகாராஜா," என்றார் சிற்றம்பலம்.

அவர் சொல்ல நினைத்தது அது இல்லை. ஆனால் அரசர் முன்னால் முப்பத்தோரு வருடமாக அந்த வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை அதுதான். கேட்டது என்ன என்று பார்க்காமலே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அரசர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த தூணைத் தட்டப் போனார்.

அன்று வீட்டில் சிற்றம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. "உடம்புக்கு என்ன?" என்றாள் மனைவி. உடம்புக்கு ஒன்றும் இல்லை. தன்னை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

*

மறுநாள் மீண்டும் மலையடிவாரத்துக்குக் கிளம்பினார். இந்த முறை நேர்வழியில் போகவில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குடி வழியாகப் போனார். ஏன் போனார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஊர் முகப்பில் ஒரு பெண் புதுச் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். சடைச்சி என்று பெயர். யார், என்ன என்று கேட்கவில்லை. வேர்த்துப்போய் வந்தவரைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து மோர் கொடுத்தாள்.

"போன வருசம் தண்ணி வாசல்படி வரைக்கும் வந்துட்டுது, சாமி. அதான் பழசை இடிச்சிட்டு இந்த வருசம் புதுசா, ஒரு சாண் உசத்திக் கட்டியிருக்கேன். இனிமே பயமில்லை."

பெருமையாகத்தான் சொன்னாள். அந்தப் படியைக் காலால் தட்டிக்கூடக் காட்டினாள்.

சிற்றம்பலம் படியைப் பார்த்தார். ஒரு சாண். அவருடைய கண்ணுக்கு அளவு பிசகாது.

கண் நிறைந்துவிட்டது. புரையேறியது போல இருமி மறைத்துக்கொண்டார். "மெதுவாக் குடிங்க, சாமி," என்றாள் சடைச்சி.

அதன்பிறகு அவர் அந்த ஊரைவிட்டு உடனே போகவில்லை. ஒரு தெரு விடாமல் மெதுவாக நடந்து முடித்துவிட்டுத்தான் போனார்.

*

உலகநாச்சி புளியை உருட்டிப் பானையில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லலை, தாயி," என்றார் சிற்றம்பலம். "எழுதினவரு சொல்லலை. ஏரிக்காரரு சொல்லலை. பிரதானி ராசாவைக் காட்டுறாரு. ராசா எங்களைக் காட்டுறாரு. இவ்வளவு பெரிய காரியத்துல முடிவு எடுத்தவன்னு ஒரு ஆளே இல்லை."

"எல்லாரையும் கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன்."

"எல்லாரையுமா?"

சிற்றம்பலம் விரல்விட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணி, மறுபடியும் எண்ணினார். இரண்டு தடவையும் ஆறு கைதான் வந்தது. பிறகு தன் விரலில் கிடந்த மோதிரத்தைப் பார்த்தார்.

உலகநாச்சி பானைக்கு மூடி தேடினார். அவர் பாட்டுக்குத் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சிற்றம்பலம் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "போயிட்டு வரேன், தாயி. ஆசீர்வாதம் பண்ணுங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"பண்ணினா, நாளைக்கு அம்மா ஆசியாலதான் செஞ்சேன்னு எல்லாத்தையும் என் தலையில கட்டுவீங்க. மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போங்க."

"வழியிலே குடிச்சிட்டேன்," என்றார் சிற்றம்பலம். அந்த ஓலை கைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

*

ஆறாம் நாள் காலை. சபை கூடியிருந்தது. அரசர் நடுவில். பக்கத்தில் பிரதானி. மருதப்பர், வைத்தியலிங்கம், எல்லோரும் அவரவர் இடத்தில்.

"புது அரக்கு வந்தாச்சா?" என்றார் பிரதானி.

"வந்தாச்சு."

"அப்போ முத்திரையை வையும். கொத்தனாருங்க சோம்பேறியாகிட்டாங்க."

சிற்றம்பலம் விளக்கை ஏற்றினார். கரண்டியில் அரக்கைப் போட்டு விளக்கின்மேல் தாங்கியில் வைத்தார். ஓலையை எடுத்து அரசரின் முன்னால் தட்டில் வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன நிக்கிறீரு? வையும்."

"வைக்கலை."

கேட்டது சரிதானா என்று பிரதானி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

"வைக்கலைன்னா? யாரு சொல்லி வைக்கலை? ஓடைக்குடிக்காரனுங்க வந்து பேசினானுங்களா? இல்லை, மலையடிவாரத்துல ஒரு சாமியாரம்மா இருக்காங்களாமே, நீரு அடிக்கடி அங்க போறதாக் கேள்வி. அவங்க சொன்னாங்களா?"

எவ்வளவு வசதியான கேள்வி! ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். துறவியை அரசர் ஒன்றும் செய்ய மாட்டார். முத்திரைக்காரருக்கும் ஒன்றும் ஆகாது. குருவின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பாவம், நல்ல மனுஷன் என்று ஊரும் சொல்லும்.

"யாரும் சொல்லலை," என்றார் சிற்றம்பலம். "இது என் முடிவு."

அந்தச் சபையில் அதுவரை யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை, அரசர் உட்பட. வைத்தியலிங்கத்தின் எழுத்தாணி கீழே விழுந்தது.

"கலிங்கை உசத்தினா ஓடைக்குடி முழுகும், மகாராஜா. அன்னைக்கு மகாராஜா கேட்டப்பவே சொல்லியிருக்கணும். பயத்துல 'உத்தரவு'ன்னுட்டேன். அது என் தப்பு."

அவர் மோதிரத்தைக் கழற்றினார். முப்பத்தோரு வருட மோதிரம், லேசில் வரவில்லை. எச்சில் தொட்டுத் திருகித்தான் எடுத்தார். ஓலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனிமே இது மகாராஜா இஷ்டம். யாருகிட்ட வேணாலும் குடுங்க. ஆனா வைக்கிறவங்க, இது என் முடிவுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வைக்கட்டும்."

"இது ராஜ துரோகம்!" என்று பிரதானி எழுந்தார்.

அரசர் அவரைக் கையமர்த்தவில்லை. "சரி, பிரதானி," என்றார். "நீர் வையும்."

பிரதானி நின்ற இடத்திலேயே நின்றார். வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கினார். "அது... முத்திரை அடியேன் வேலை இல்லையே, மகாராஜா."

"மருதப்பரே?"

மருதப்பர் உத்தரத்தில் ஏதோ பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசர் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் பார்வை போன இடத்திலெல்லாம் தலைகள் குனிந்தன. நிமிர்ந்து நின்றவர் சிற்றம்பலம் ஒருவர்தான்.

அரசர் மோதிரத்தைத் தானே எடுத்தார். கரண்டியில் அரக்கு கொதித்துக் குமிழிட்டது.

மோதிரத்தை விரலில் உருட்டியபடியே அரசர் கேட்டார்.

"அங்க எத்தனை வீடு?"

"நாப்பத்திமூணு."

"எப்படித் தெரியும்?"

"ஒவ்வொண்ணா எண்ணிட்டு வந்தேன், மகாராஜா."

அரசர் ஊதி விளக்கை அணைத்தார். ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எழுந்தார்.

"என் செருப்பு எங்கே?" என்றார்.